எக்ஸ் கதிர்களில் தோன்றும் வானம்

கோடைகாலத்து இரவில் தெற்கு நோக்கி வானத்தைப் பார்ப்பவருக்கு விருச்சிக ராசியில் முதலில் புலப்படுவது செந்நிறமான கேட்டை விண்மீனாகும். அதே பகுதியில் 13-ஆம் ஒளித்தரத்தைச் சேர்ந்த நீல நிறமான சிறு விண்மீன் ஒன்று உண்டு. வெறுங்கண்ணுக்கு அது தென்படாது. நல்ல தொலைநோக்கியிலும் ஆயிரக்கணக்கான மங்கிய புள்ளிகளுள் ஒன்றாகவே காட்சியளிக்கும். ஆனால், மனிதனின் கண் ஒளியை உணர்வதற்குப் பதிலாக எக்ஸ் கதிர்களை உணரக்கூடியதாக அமைந்திருந்தால் நிலைமை முற்றிலும் மாறிவிடும். அப்போது கேட்டை மறைந்துவிடும்; இந்தச் சிறு விண்மீனே, சூரியனுக்கு அடுத்தபடியாக, வானத்தின் மிகப் பிரகாசமான பொருளாக விளங்கும். 1962-ஆம் ஆண்டுக்கு முன்னர் இச்செய்தியை உலகில் எவரும் அறிந்திருக்கவில்லை.

பல்லாயிரம் ஆண்டுகளாக மனிதனால் கூர்ந்து கவனிக்கப்பட்டுவந்த வானத்தில் இத்தகைய பொருள் இவ்வளவு காலம் மறைந்திருந்ததற்குக் காரணம் தொலைநோக்கியின் குறையன்று. நாம் சுவாசிக்கும் காற்றே காரணமாகும்.

காற்று என்னும் திரை

விண்மீன்களிலிருந்து வரும் கதிர்வீச்சு பலவகைப்பட்டது. ரேடியோ அலைகள், அகச்சிவப்புக் கதிர்கள், கண்ணுக்குப் புலனாகும் ஒளி, புற ஊதாக் கதிர்கள், எக்ஸ் கதிர்கள், காமாக் கதிர்கள் ஆகிய யாவும் ஓரினத்தைச் சேர்ந்தவையே. அலைநீளத்தில்தான் அவை வேறுபடுகின்றன. இவற்றுள் ஒளியும் ரேடியோ அலைகளில் ஒரு பகுதியுமே பூமியின் காற்று மண்டலத்தைத் தடையின்றிக் கடந்து தரையை அடைகின்றன. எஞ்சியவற்றில் பெரும்பகுதியைக் காற்று உறிஞ்சிவிடுகிறது.

ஒரு சதுர சென்டிமீட்டர் நிலப்பரப்பின்மீது நிற்கும் காற்றின் நிறை ஏறக்குறைய 1 கிலோகிராம். இது 10 மீட்டர் ஆழமுள்ள நீர்த்தம்பத்துக்குச் சமம். மருத்துவமனையில் உடலை ஊடுருவிச் சென்று எலும்பைப் படம்பிடிக்கும் எக்ஸ் கதிர்கள் 10 மீட்டர் நீரை ஊடுருவ இயலாது. விண்மீன்களிலிருந்து வருபவற்றுள் ஆற்றல் குறைந்தவை தரைக்கு மேல் சுமார் 80 கிலோமீட்டர் உயரத்திலேயே தடைப்பட்டுவிடுகின்றன. ஆற்றல் மிகுந்தவை மட்டும் பலூன்கள் செல்லக்கூடிய 40 கிலோமீட்டர் உயரம் வரை இறங்கி வருகின்றன. உயிரினங்களுக்கு இத்திரை ஒரு கவசமாகும். வானநூலாருக்கோ இது கண்ணைக் கட்டிய துணிபோல் இருந்து வந்தது.

ஆறு நிமிட நேரம்

இரண்டாம் உலகப் போருக்குப் பின்னர், ஜெர்மானியரிடமிருந்து கைப்பற்றப்பட்ட வி-2 ராக்கெட்டுகளை அமெரிக்க விஞ்ஞானிகள் ஆராய்ச்சிக்குப் பயன்படுத்தினர். அமெரிக்கக் கடற்படை ஆராய்ச்சிக் கூடத்தைச் சேர்ந்த ஹெர்பர்ட் பிரீட்மன் 1949-ஆம் ஆண்டில் கைகர் எண்ணுகருவிகளை அத்தகைய ராக்கெட்டில் அனுப்பி, சூரியன் எக்ஸ் கதிர்களை வெளியிடுவதை உறுதிசெய்தார். சூரியனின் மேற்பரப்பு சுமார் 5,500 டிகிரி வெப்பமுடையதாயினும், அதைச் சூழ்ந்துள்ள ஒளிவளையத்தின் வெப்பநிலை 10 லட்சம் டிகிரியையும் மிஞ்சியது. அக்கதிர்கள் அங்கிருந்தே பிறக்கின்றன.

எனினும், இக்கண்டுபிடிப்பு பிற விண்மீன்களைப் பற்றிய நம்பிக்கையை வளர்க்கவில்லை. சூரியனை அருகிலுள்ள விண்மீன்களின் தூரத்தில் வைத்துப் பார்த்தால், அதன் எக்ஸ் கதிர்கள் அக்காலத்துக் கருவிகளால் உணரமுடியாத அளவுக்கு நலிந்துபோகும். ஆகவே, சூரியனையன்றி வேறெதையும் இம்முறையில் காண இயலாது என்றே பலர் கருதினர்.

ரிக்கார்டோ ஜியாக்கோனி, புரூனோ ரோஸி முதலியோர் அடங்கிய குழு 1962-ஆம் ஆண்டு ஜூன் மாதத்தில் நியூ மெக்ஸிகோவிலிருந்து ஏரோபீ ராக்கெட் ஒன்றை ஏவியது. சூரியனின் கதிர்கள் சந்திரன்மீது படுவதால் அங்கிருந்து எக்ஸ் கதிர்கள் வெளிப்படுகின்றனவா என்பதை அறிவதே அதன் அறிவிக்கப்பட்ட நோக்கம். கருவிகள் 80 கிலோமீட்டருக்கு மேல் ஆறு நிமிட நேரமே இருந்தன. அதற்குள் அவை வலிமைமிக்க ஓர் எக்ஸ் கதிர் ஊற்றைப் பதிவுசெய்தன. அது சந்திரன் இருந்த திசையில் இல்லை. விருச்சிக ராசியின் திசையில் இருந்தது. மேலும், வானத்தின் எல்லாத் திசைகளிலிருந்தும் மெல்லிய எக்ஸ் கதிர் ஒளி ஒன்று சீராக வருவதும் தெரியவந்தது. விருச்சிக ராசியிலுள்ள ஊற்றுக்கு 'ஸ்கார்ப்பியஸ் எக்ஸ்-1' என்று பெயரிடப்பட்டது. மேற்குறித்த நீல விண்மீனே அது என்பது 1966-ஆம் ஆண்டில் உறுதியாயிற்று.

1964-ஆம் ஆண்டு ஜூலை மாதத்தில் பிரீட்மனின் குழுவினர் மற்றோர் அரிய சோதனையைச் செய்தனர். ரிஷப ராசியில், 1054-ஆம் ஆண்டில் வெடித்துச் சிதறிய விண்மீனின் எச்சமான நண்டு மேகத்தைச் சந்திரன் மறைத்துச் செல்லும் வேளையைக் கணக்கிட்டு, அந்தச் சில நிமிடங்களில் ராக்கெட்டை ஏவினர். சந்திரன் மறைக்க மறைக்க எக்ஸ் கதிர்கள் சிறிது சிறிதாகக் குறைந்தன. ஆகவே அக்கதிர்கள் ஒரு புள்ளியிலிருந்து மட்டும் வரவில்லை, பரந்த மேகத்திலிருந்து வருகின்றன என்பது விளங்கிற்று. தக்க தொலைநோக்கி இல்லாத குறையைச் சந்திரனைக்கொண்டே அவர்கள் ஈடுசெய்தனர் எனலாம்.

சந்திரசேகரின் கணக்கு

கண்ணுக்கு மங்கலான ஒரு விண்மீன் எக்ஸ் கதிர்களில் இத்துணை ஆற்றலை எவ்வாறு வெளியிட முடியும்? இக்கேள்விக்கான விடையின் தொடக்கம் ராக்கெட்டுகளுக்கு முந்தைய காலத்தைச் சேர்ந்தது.

சென்னை மாநிலக் கல்லூரியில் பயின்ற சுப்பிரமணியன் சந்திரசேகர் 1930-ஆம் ஆண்டில், தமது 19-ஆம் வயதில், மேற்படிப்புக்காக இங்கிலாந்துக்குக் கப்பலில் சென்றார். எரிபொருள் தீர்ந்த விண்மீன்கள் சுருங்கி, பூமியளவேயுள்ள வெண்குறு விண்மீன்களாக முடிவடைகின்றன என்று அந்நாளில் நம்பப்பட்டது. அப்பயணத்தின்போது சந்திரசேகர், குவாண்டம் கொள்கையுடன் ஐன்ஸ்டைனின் சார்புக் கொள்கையையும் இணைத்துக் கணக்கிட்டு, இம்முடிவுக்கு ஓர் எல்லை உண்டு என்று கண்டார். பின்னர் திருத்தமாக வரையறுக்கப்பட்ட அவ்வெல்லை சூரியனின் நிறையைப்போல் ஏறத்தாழ 1.4 மடங்கு. அதற்கு மேற்பட்ட நிறையுடைய விண்மீன் எச்சம் வெண்குறு விண்மீனாக நிலைத்திருக்க முடியாது. மேன்மேலும் சுருங்கியே தீரவேண்டும்.

1935-ஆம் ஆண்டு ஜனவரி மாதத்தில் லண்டன் ராயல் வானநூற் சங்கத்தில் அவர் இதனை எடுத்துரைத்தபோது, அக்காலத்தின் தலைசிறந்த வானநூலாரான ஆர்தர் எடிங்டன் அதை வெளிப்படையாக மறுத்தார். இயற்கை இத்தகைய விபரீதத்துக்கு இடம்தராது என்பதே அவரது வாதத்தின் சாரம். சந்திரசேகரின் கணக்கில் அவர் பிழை காட்டவில்லை. ஆயினும் அவருடைய புகழின் முன் இளைஞரின் கருத்து நெடுங்காலம் உரிய கவனத்தைப் பெறவில்லை.

எல்லையைக் கடந்த எச்சம் என்னவாகும்? அணுக்கருக்கள் நெருக்குண்டு, சுமார் 20 கிலோமீட்டர் குறுக்களவுக்குள் சூரியனைவிட மிகுந்த நிறை அடங்கிய நியூட்ரான் விண்மீனாகலாம். நிறை இன்னும் அதிகமாயின், ஒளியும் வெளியேற முடியாத கருந்துளையாகலாம். இத்தகைய பொருளுக்கு அருகில் சாதாரண விண்மீன் ஒன்று துணையாக இருந்தால், துணையின் வாயு இதன்மீது பெருகி விழும். ஹைட்ரஜன் ஹீலியமாக மாறும்போது அதன் நிறையில் 0.7 சதவிகிதமே ஆற்றலாக வெளிப்படுகிறது. நியூட்ரான் விண்மீன்மீது விழும் வாயுவோ தனது நிறையில் ஏறத்தாழ 10 சதவிகிதத்துக்குச் சமமான ஆற்றலை வெளிவிடுகிறது. அவ்வாயு கோடிக்கணக்கான டிகிரி வெப்பத்தை அடைவதால் எக்ஸ் கதிர்களாகவே பெரிதும் ஒளிர்கிறது. விருச்சிக ராசியின் புதிருக்கு விடை இதுவே.

உஹுருவின் பட்டியல்

இவ்விடையை மெய்ப்பிக்க ராக்கெட்டுகள் போதவில்லை. சில நிமிடங்களில் பார்த்தவற்றைக்கொண்டு நாட்கணக்கில் நிகழும் மாறுதல்களை அறிய முடியாது. 1970-ஆம் ஆண்டு டிசம்பர் 12-ஆம் நாள், கென்யா நாட்டுக் கரைக்கு அப்பால் கடலில் அமைந்த சான் மார்க்கோ மேடையிலிருந்து, எக்ஸ் கதிர் வானநூலுக்கென்றே அமைக்கப்பட்ட முதல் செயற்கைத் துணைக்கோள் ஏவப்பட்டது. அன்று கென்யாவின் சுதந்திர தினமாதலால், சுவாஹிலி மொழியில் விடுதலையைக் குறிக்கும் 'உஹுரு' என்னும் பெயர் அதற்குச் சூட்டப்பட்டது. அதன் இறுதிப் பட்டியலில் 339 எக்ஸ் கதிர் ஊற்றுகள் இடம்பெற்றன.

அவற்றுள் இரண்டு தனிச் சிறப்புடையவை. 'சென்டாரஸ் எக்ஸ்-3' என்பது 4.8 வினாடிக்கு ஒருமுறை தவறாது துடித்தது. அன்றியும் சுமார் 2.1 நாட்களுக்கு ஒருமுறை மறைந்து பின்னர் தோன்றிற்று. துடிப்பு, சுழலும் நியூட்ரான் விண்மீனைக் குறித்தது; மறைவு, அது பெரிய துணை விண்மீன் ஒன்றின் பின்னால் செல்வதைக் குறித்தது. இரட்டை விண்மீன் பற்றிய கருத்து இவ்வாறு நிலைபெற்றது.

மற்றொன்று 'சிக்னஸ் எக்ஸ்-1'. அதன் எக்ஸ் கதிர்கள் ஒழுங்கான துடிப்பின்றி, வினாடியின் சிறு பகுதிகளிலேயே ஏறி இறங்கின. இவ்வளவு விரைவாக மாறும் பொருள் உருவில் மிகச் சிறியதாகவே இருத்தல் வேண்டும். தரையிலிருந்த தொலைநோக்கிகள் அவ்விடத்தில் பெரிய நீல விண்மீன் ஒன்று 5.6 நாட்களுக்கு ஒருமுறை புலப்படாத ஒரு துணையைச் சுற்றிவருவதைக் கண்டன. அத்துணையின் நிறை நியூட்ரான் விண்மீனுக்குரிய எல்லையைக் கடந்திருந்தது. கருந்துளை என்று பரவலாக ஏற்றுக்கொள்ளப்பட்ட முதற்பொருள் இதுவாகும். 2021-ஆம் ஆண்டில் வெளியான அளவீட்டின்படி அதன் நிறை சூரியனைப்போல் சுமார் 21 மடங்கு. தூரம் ஏறக்குறைய 7,200 ஒளியாண்டுகள். சந்திரசேகருக்கு 1983-ஆம் ஆண்டிலும், ஜியாக்கோனிக்கு 2002-ஆம் ஆண்டிலும் நோபெல் பரிசு கிடைத்தது.

எக்ஸ் கதிருக்கேற்ற ஆடி

உஹுருவில் இருந்தவை எண்ணுகருவிகளே. படம் பிடிக்கும் தொலைநோக்கி அல்ல. சாதாரண ஆடியின்மீது நேராக விழும் எக்ஸ் கதிர் பிரதிபலிக்கப்படுவதில்லை. ஆடிக்குள் நுழைந்து உறிஞ்சப்பட்டுவிடும். ஆயினும், ஓட்டாஞ்சில்லு ஒன்றைக் குளத்து நீரின்மேல் மிகச் சாய்வாக வீசினால் அது மூழ்காமல் தத்திச் செல்வதைப்போல, ஆடியின் பரப்பைத் தடவிச் செல்லுமாறு விழும் எக்ஸ் கதிர் பிரதிபலிக்கப்படும். இவ்வுண்மையைக்கொண்டு, ஒன்றுக்குள் ஒன்றாக அடுக்கிய குழாய் போன்ற ஆடிகளால் உருவம் அமைக்கலாம் என்று ஜெர்மானிய விஞ்ஞானி ஹான்ஸ் வோல்ட்டர் 1952-ஆம் ஆண்டில் காட்டினார்.

இம்முறையில் அமைந்த 'ஐன்ஸ்டைன்' துணைக்கோள் 1978-ஆம் ஆண்டு நவம்பரில் ஏவப்பட்டு 1981-ஆம் ஆண்டு வரை பணிபுரிந்தது. ஏறக்குறைய எல்லா வகை விண்மீன்களும் ஓரளவேனும் எக்ஸ் கதிர்களை வெளியிடுகின்றன என்பது அதனால் தெரிந்தது. அதைவிடப் பன்மடங்கு கூர்மையான தொலைநோக்கிக்கான திட்டம் 1976-ஆம் ஆண்டிலேயே முன்வைக்கப்பட்டிருந்தது. அது நிறைவேற 23 ஆண்டுகள் சென்றன. 1999-ஆம் ஆண்டு ஜூலை 23-ஆம் நாள் கொலம்பியா விண்வெளி ஓடத்தில் ஏற்றிச் செல்லப்பட்ட அத்தொலைநோக்கிக்குச் 'சந்திரா' என்று பெயர். 1935-இல் மறுக்கப்பட்ட இளைஞரின் பெயரே அது. சந்திரசேகர் 1995-ஆம் ஆண்டில் காலமாகிவிட்டமையால் அதைக் காண அவர் இல்லை.

இரிடியம் உலோகம் பூசிய நான்கு இணை ஆடிகளைக்கொண்ட சந்திரா, மிக நீண்ட முட்டை வடிவப் பாதையில் பூமியைச் சுற்றுகிறது. பாதையின் தொலைமுனை, சந்திரனுக்குள்ள தூரத்தில் மூன்றில் ஒரு பங்கையும் தாண்டியது. ஆதலால் பெரும்பாலான நேரம் பூமியின் கதிரியக்க வளையங்களுக்கு வெளியே இருந்து, ஒரே இலக்கை நீண்ட நேரம் நோக்க இயல்கிறது. 1962-ஆம் ஆண்டில் கண்ட சீரான எக்ஸ் கதிர் ஒளி உண்மையில் சீரானதன்று என்பதை அது காட்டியது. அவ்வொளியின் பெரும்பகுதி எண்ணற்ற தனிப் புள்ளிகளின் தொகுதியே. அவற்றுள் மிகப் பல, தொலைதூர அண்டங்களின் நடுவிலுள்ள மாபெரும் கருந்துளைகளாம். 2006-ஆம் ஆண்டில், ஒன்றோடொன்று மோதிய இரு அண்டத் தொகுதிகளில் எக்ஸ் கதிர் வீசும் வாயு ஓரிடத்திலும், ஈர்ப்புக்குக் காரணமான நிறையின் பெரும்பகுதி வேறிடத்திலும் இருப்பது கண்டறியப்பட்டது. கண்ணுக்குப் புலனாகாத இருட்பொருள் உண்டு என்பதற்கு இது வலிய சான்றாகக் கருதப்படுகிறது.

இந்தியாவின் பங்கு

இத்துறை தோன்றிய சில ஆண்டுகளுக்குள்ளேயே இந்திய விஞ்ஞானிகள் இதில் ஈடுபட்டனர். டாட்டா அடிப்படை ஆராய்ச்சிக் கழகத்தினர் 1960-களின் பிற்பகுதியில் ஹைதராபாத்திலிருந்து பலூன்களில் எக்ஸ் கதிர்க் கருவிகளை அனுப்பினர். அகமதாபாத் பௌதிக ஆராய்ச்சிக் கூடத்தினர் தும்பாவிலிருந்து ராக்கெட்டுகளில் அனுப்பினர். 1975-ஆம் ஆண்டு ஏப்ரல் 19-ஆம் நாள் சோவியத் ராக்கெட்டில் ஏவப்பட்ட முதல் இந்தியத் துணைக்கோளான ஆரியபட்டாவிலும் எக்ஸ் கதிர் வானநூல் சோதனை இடம்பெற்றிருந்தது. ஆனால் சில நாட்களிலேயே மின்வழங்கும் அமைப்பில் கோளாறு ஏற்பட்டமையால் விஞ்ஞானச் சோதனைகளை நிறுத்த நேர்ந்தது. பின்னர் 1996-ஆம் ஆண்டில், ஐ.ஆர்.எஸ். பி-3 துணைக்கோளுடன் சென்ற எக்ஸ் கதிர்க் கருவிகளால் ஒரு வாய்ப்புக் கிட்டியது.

2015-ஆம் ஆண்டு செப்டம்பர் 28-ஆம் நாள் ஸ்ரீஹரிகோட்டாவிலிருந்து பி.எஸ்.எல்.வி. ராக்கெட் மூலம் 'அஸ்ட்ரோசாட்' ஏவப்பட்டது. சுமார் 1,500 கிலோகிராம் நிறையுள்ள இது, 650 கிலோமீட்டர் உயரத்தில், நில நடுக்கோட்டுக்கு 6 டிகிரியே சாய்ந்த பாதையில் நிறுத்தப்பட்டது. தென் அட்லாண்டிக் கடலுக்கு மேல் மின்னேற்றமுள்ள துகள்கள் செறிந்த பகுதி ஒன்று உண்டு. அங்கு எக்ஸ் கதிர்க் கருவிகள் பயனற்றுப் போகும். குறைந்த சாய்வுள்ள பாதையில் அப்பகுதியின் தாக்கம் மிகவும் குறைகிறது.

ஒரே பொருளை ஒரே வேளையில் புற ஊதாக் கதிர்களிலும், ஆற்றல் குறைந்த எக்ஸ் கதிர்களிலும், ஆற்றல் மிகுந்த எக்ஸ் கதிர்களிலும் நோக்குவதே அஸ்ட்ரோசாட்டின் சிறப்பு. மாறிக்கொண்டேயிருக்கும் ஊற்றுகளை ஆராய்வதற்கு இது இன்றியமையாதது. ஒரு கதிரில் இன்றும், மற்றொன்றில் அடுத்த வாரமும் நோக்கினால், கண்டவை ஒரே நிகழ்ச்சியைச் சேர்ந்தவையா என்று கூற இயலாது. பொன்முலாம் பூசிய மெல்லிய அலுமினியத் தகடுகளாலான எக்ஸ் கதிர்த் தொலைநோக்கியின் ஆடிகள் டாட்டா கழகத்திலேயே செய்யப்பட்டன. பெங்களூர் இந்திய வான்பௌதிகக் கழகம், இராமன் ஆராய்ச்சிக் கழகம், புணேயிலுள்ள பல்கலைக்கழக இடை வானநூல் மையம் முதலியவையும் பங்குகொண்டன. கனடாவும் பிரிட்டனிலுள்ள லெஸ்டர் பல்கலைக்கழகமும் துணைபுரிந்தன.

1964-ஆம் ஆண்டில் சந்திரனின் உதவியால் ஆராயப்பட்ட அதே நண்டு மேகத்தை அஸ்ட்ரோசாட் புதியதொரு முறையில் ஆராய்ந்தது. அலைகள் பெரும்பாலும் ஒரே தளத்தில் அதிர்வதை முனைவாக்கம் என்பர். எக்ஸ் கதிர்களில் இதனை அளப்பது மிகக் கடினம். மேகத்தின் நடுவில் வினாடிக்கு ஏறத்தாழ 30 முறை சுழலும் நியூட்ரான் விண்மீனின் ஒவ்வொரு சுழற்சிக்குள்ளும் இம்முனைவாக்கம் மாறுபடுவதையும், துடிப்பு அடங்கியிருக்கும் இடைவேளையில்கூட அம்மாறுதல் நிகழ்வதையும் அறிவிக்கும் முடிவு 2017-ஆம் ஆண்டில் வெளியிடப்பட்டது. துடிப்பின் தோற்றம் பற்றிய பழைய விளக்கங்கள் இதனால் மறுபரிசீலனைக்கு உள்ளாயின. 2020-ஆம் ஆண்டில், 930 கோடி ஒளியாண்டுகளுக்கு அப்பாலுள்ள அண்டம் ஒன்றிலிருந்து ஆற்றல் மிகுந்த புற ஊதாக் கதிர்கள் வருவதும் இத்துணைக்கோளால் கண்டறியப்பட்டது. ஐந்தாண்டுக் காலப் பணிக்கென அமைக்கப்பட்ட இது, 2025-ஆம் ஆண்டு செப்டம்பரில் பத்தாண்டுகளை நிறைவுசெய்தது.

இழப்பும் பயனும்

விண்ணில் நிறுத்தப்படும் தொலைநோக்கியைப் பழுது பார்ப்பது பெரும்பாலும் இயலாத காரியம். ஜப்பானியர் 2016-ஆம் ஆண்டு பிப்ரவரி 17-ஆம் நாள் ஏவிய 'ஹிட்டோமி' இதற்குச் சான்று. தனது நிலையைப் பற்றிய தவறான கணிப்பால் அத்துணைக்கோள் கட்டுக்கடங்காமல் சுழன்று, மார்ச் 26-ஆம் நாள் சிதைந்தது. அதற்குள் அது பெர்சியஸ் அண்டத் தொகுதியின் வாயுவை ஆராய்ந்து, அது எதிர்பார்த்ததைவிட அமைதியாக இருப்பதைக் காட்டியது. அந்த ஒரே ஆராய்ச்சியின் மதிப்பை உணர்ந்த ஜப்பானியர், அதே வகைக் கருவியுடன் 'கிரிஸம்' என்னும் துணைக்கோளை 2023-ஆம் ஆண்டு செப்டம்பரில் ஏவினர். இடையே ஏழு ஆண்டுகள் கழிந்தன. ஆரியபட்டாவில் நின்றுபோன பணியை மீண்டும் விண்ணில் தொடர இந்திய விஞ்ஞானிகளும் காத்திருக்க நேர்ந்தது. ஒரு கருவி பழுதுறும்போது இழப்பது பொருள் மட்டுமன்று. ஒரு தலைமுறை மாணவர்களின் பயிற்சிக்காலமும் அதனுடன் சேர்ந்து போகிறது.

2024-ஆம் ஆண்டு ஜனவரி 1-ஆம் நாள், எக்ஸ் கதிர்களின் முனைவாக்கத்தை அளப்பதற்கென்றே 'எக்ஸ்போசாட்' என்னும் இந்தியத் துணைக்கோள் ஏவப்பட்டது. அதன் முதன்மைக் கருவியை இராமன் ஆராய்ச்சிக் கழகம் அமைத்தது. அஸ்ட்ரோசாட் சேகரித்த பதிவுகள் 2018-ஆம் ஆண்டு முதல் பொதுவில் வைக்கப்பட்டுள்ளன. பெரிய ஆராய்ச்சிக் கூடம் எதிலும் சேராத கல்லூரி மாணவரும் அவற்றைப் பெற்று ஆராயலாம். சென்னைக் கல்லூரி ஒன்றிலிருந்து புறப்பட்ட மாணவர் தமது கணக்கு மெய்யென்று நிலைபெறுவதைக் காணப் பல்லாண்டுகள் காத்திருக்க நேர்ந்தது. இன்று அவ்வாறு கணக்கிடும் மாணவருக்கு, அதனைச் சரிபார்க்க வேண்டிய பதிவுகள் கைக்கெட்டும் இடத்தில் உள்ளன.